மூலை உதிர்ந்த சுவர்கள்: முத்துக்குளித்துறையின் சுண்ணாம்பு வரலாறு

தூத்துக்குடியின் வரலாற்றை எழுதப் புகுவோர் கொற்கையில் தொடங்கி, பரதவரின் முத்துக்குளிப்பு, போர்ச்சுக்கீசியரின் வருகை, டச்சுக்காரரின் பண்டகசாலை, வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் எனத் தொடர்ந்து, பெருந்துறைமுகத்தில் வந்து முடிப்பர். அது முறையான வழியே. ஆயினும் சமயம், தொழில், செல்வம் என்னும் வேறுபாடுகள் எவையுமின்றி இவ்வூரார் அனைவரும் தலைமுறை தலைமுறையாக எதிர்த்து நின்ற பகை ஒன்று உண்டு. அதைப் பற்றி எழுதுவோர் அரியர். வீட்டுச் சுவரின் மூலையில் விழும் விரிசலே அப்பகை. தரையிலிருந்து முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ மயிரிழைபோல் தொடங்கி, பொருக்காகி, ஒருநாள் துடைப்பம் பட்ட மாத்திரத்தில் கையகலத்துக்கு உதிர்ந்துவிடும் அந்த மூலைப் பூச்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது முத்தின் வரலாற்றுக்கு மிக நெருங்கிய உறவுடையது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சுவருக்குப் பூசுவதைச் சுதை என்றும் சாந்து என்றும் காரை என்றும் தமிழர் வழங்கினர். கோபுரத்துப் பொம்மைகளைச் சுதைச் சிற்பம் என்கிறோம். சாந்து என்பது மார்பில் பூசும் சந்தனத்துக்கும் சுவரில் பூசும் கலவைக்கும் பொதுவான பெயராயிற்று. சுட்ட சுண்ணாம்பின் மேல் நீர் தெளித்துப் பொடியாக்குவதை நீற்றுதல் என்பர். நீறு என்பது திருநீற்றையும் குறிக்கும், சுண்ணாம்பையும் குறிக்கும். மேனிக்குப் பூசுவதையும் சுவருக்குப் பூசுவதையும் ஒரே சொல்லால் அழைத்த மக்கள் சுவரையும் ஓர் உடம்பாகவே எண்ணினர் போலும். இது வெறும் அழகுணர்ச்சி என்று தள்ளத்தக்கதன்று. பழைய சுண்ணாம்புச் சுவர் உண்மையிலேயே ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. தோல் வேர்ப்பதுபோல் அது வேர்க்கும். இனி வரப்போகும் செய்திகள் பலவும் இந்த ஓர் இயல்பைப் பற்றியனவே.

தூத்துக்குடி மணலின்மேல் எழுந்த ஊர். கருங்கல் வேண்டுமானால் உள்நாட்டிலிருந்து வண்டியில் வரவேண்டும். செங்கல்லுக்கு உரிய களிமண்ணும் கடற்கரையில் இல்லை. ஆனால் கரைக்கு எதிரே, தோணியில் எட்டும் தொலைவில், கடலே கல்லை வளர்த்து வைத்திருந்தது. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி வளர்ந்துள்ள பவளப்பாறைகளைத்தான் சொல்கிறோம். ஈழத்தார் இக்கல்லை இன்றும் முருகைக்கல் என்பர். அச்சொல்லையே இக்கட்டுரையிலும் ஆள்கிறேன். யாழ்ப்பாணத்துக் கோட்டையின் மதில்களும் இக்கல்லால் ஆனவையே. முருகைக்கல் எடை குறைந்தது, துளைகள் நிறைந்தது. புதிதாக எடுத்தபோது கோடாரிக்கும் வாளுக்கும் இணங்கும், காற்றுப்பட்டுக் காய்ந்தபின் இறுகும். சுவர் கட்டவும் அதுவே, காளவாயில் இட்டுச் சுட்டால் சுண்ணாம்பும் அதுவே. ஒரே பொருள் கல்லாகவும் கல்லை ஒட்டும் சாந்தாகவும் மேற்பூச்சாகவும் மூன்று கோலம் பூண்ட ஊர்கள் உலகில் மிகுதியாக இல்லை.

சிப்பியின் ஓடு, சங்கு, முருகைக்கல், முத்து ஆகிய நான்கும் வேதியியலார் கணக்கில் பெரும்பாலும் ஒரே பொருள், அதாவது கால்சியம் கார்பனேட். உயிர்ப்பொருள் சிறிதளவு கலந்திருப்பதும் அடுக்குகளின் அமைப்புமே முத்துக்கு ஒளியைத் தருகின்றன. சித்த மருத்துவர் முத்தைப் புடமிட்டுப் பற்பமாக்குவதும், காளவாய்க்காரர் சிப்பியைச் சுட்டு நீறாக்குவதும் செய்முறை அளவில் உடன்பிறந்தவை. சுமார் 900 பாகை செல்சியசு வெப்பத்தில் இப்பொருள் தன்னுள் அடங்கிய கரியமில வாயுவை விட்டுவிடும். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். எஞ்சிய 44 கிலோவும் புகையோடு போய்விடும். நீற்றிப் பூசியபின் சுவரில் அது காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் கல்லாகிறது. மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இம்மாற்றம் உள்ளே இறங்கும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ஒரு விரற்கடை கனமான பூச்சு முழுதும் கல்லாக ஓராண்டுக்கு மேலாகும். கடலில் கல்லாக இருந்தது, தீயில் நீறாகி, வீட்டுச் சுவரில் மீண்டும் கல்லாகிறது. பொறுமையில்லாதவர் கையில் இப்பொருள் நிற்காது என்பதை இங்கேயே குறித்துவைப்போம்.

பதினாறாம் நூற்றாண்டின் முப்பதுகளில் பரதவர் திருமுழுக்குப் பெற்றதும், 1542இல் சவேரியார் இக்கரைக்கு வந்ததும் பலரும் அறிந்தவை. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பனிமய மாதா ஆலயம் 1713இல் நேர்ந்தளிக்கப்பெற்றது. ஓலைக்கூரை மலிந்த கரையில் காரைக்கட்டடம் என்பது முதலில் கோயிலுக்கும் பண்டகசாலைக்கும் உரியதாயிருந்து, பிறகே வணிகர் வீடுகளுக்குப் பரவியது. 1876இல் இருப்புப்பாதை வந்து பஞ்சு வாணிகம் பெருகியபின் ஊரின் தோற்றமே மாறியது. அக்காலத்தில் எழுந்த நூற்பாலையின் பெயரே கோரல் மில், அதாவது பவள ஆலை. 1908 பிப்ரவரி 27இல் அவ்வாலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தமும், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை நடத்திய திறமும் விடுதலை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. பவளத்தின் பெயரைத் தாங்கிய ஆலையை அறிந்த நாம், பவளத்தையே சுமந்துநின்ற சுவர்களைப் பற்றி எண்ணிப்பார்ப்பதில்லை.

அச்சுவர்களுக்குப் பூச்சு வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் செப்பனிடும் முறை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் நீருக்கடியில் கிடக்கவிடுவர். நாள் கூடக்கூட அது வெண்ணெய்போல் மென்மையாகும். பின்னர் ஆற்றுமணலைச் சலித்துச் சேர்த்து, வட்டக்குழியில் கல்லுருளையை மாடுகட்டி இழுத்து அரைப்பர். சிறிய வேலையாயின் பெண்கள் உலக்கையால் இடிப்பர். மணல் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ என்பது சுண்ணாம்பின் தரத்தைப் பொறுத்தது. கடுக்காயைத் தட்டி ஊறப்போட்டு, கருப்பட்டி கரைத்துப் புளிக்கவைத்த நீரை அரைவையில் விடுவதுண்டு. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெயர்போன மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இதைக் கேட்டு நகைப்பவர் உளர். ஆனால் சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு வெறும் நீரில் கரைவதைவிட மிகுதியாகக் கரையும் என்பது ஆய்வுக்கூடத்தில் எவரும் காட்டக்கூடிய உண்மை. கடுக்காயின் துவர்ப்பும் கலவையின் தன்மையை மாற்றும். ஈரம் மிகுந்த அடிச்சுவருக்குச் செங்கற்பொடி சேர்ப்பர். காற்றில்லாமலே ஓரளவு இறுகும் ஆற்றலை அது சுண்ணாம்புக்குத் தருகிறது. மேலே மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை பூசி, கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சென்னைச் சுண்ணம் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதிய பளிங்குப் பூச்சு இவ்வகையில் உச்சநிலை. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளையும் தயிரும் கையுழைப்பும் சேர்ந்து உண்டானது அது. தூத்துக்குடியின் நடுத்தர வீடுகளில் அத்தனை ஆடம்பரம் இல்லை. சுவர் வெள்ளையாக இருந்தது, தொட்டால் குளிர்ந்தது, அவ்வளவே.

மூலைக்குத் தனிக்கவனம் உண்டு. பழைய கொத்தனார்கள் மூலையைக் கத்திமுனைபோல் கூர்மையாக நிறுத்துவதை விரும்பவில்லை. தூக்குக்குண்டு பார்த்து நேராக எடுத்தபின், ஈரம் இருக்கும்போதே முனையைக் கையால் வருடி மழுங்கச் செய்வர். தெருமூலை வீடாயின் வண்டிச்சக்கரம் உரசாமலிருக்க உடைந்த உரலையோ அம்மியையோ மூலையில் நட்டுவைப்பர். இன்றும் பழந்தெருக்களில் அப்படி நிற்கும் கற்களைக் காணலாம். ஆட்டோக்காரர்கள் அவற்றைச் சபித்துக்கொண்டு போவதையும் கேட்கலாம்.

இத்தனை கவனத்துக்கு நடுவிலும் மூலை ஏன் வெடிக்கிறது? இடி, உரசல், அடித்தளம் இறங்குதல் ஆகியவை எவ்வூருக்கும் பொது. இக்கரைக்கே உரிய காரணம் உப்பு. நிலத்தடி நீர் உவர்நீர், காற்றிலும் உப்பு, முருகைக்கல்லின் துளைக்குள் அது பிறந்த நாளிலிருந்தே உப்பு. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் சுவர் தரையிலிருந்து நீரை இழுக்கும். அந்நீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாகும்போது உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் தன்னைச் சுற்றியுள்ள துகளைத் தள்ளும். நடுச்சுவருக்கு ஈரம் வெளியேற ஒரு முகம், மூலைக்கு இரண்டு முகம். அதனால் அங்கே ஆவியாதல் மிகுதி, உப்புப் படிவதும் மிகுதி. கடற்காற்று வளைந்து அடிப்பதும் அங்கேதான். வாஸ்து பார்ப்போர் ஈசானிய மூலை, கன்னி மூலை எனத் திசைகளைக் கணிப்பர். உப்புக்கு எல்லா மூலையும் ஒன்றே.

ஆயினும் சுண்ணாம்புப் பூச்சின் காலத்தில் இது பேரிழப்பாகவில்லை. பூச்சு கல்லைவிட மெலிந்தது. ஆகவே உப்பு பூச்சில் பூத்து, பூச்சைக் கெடுத்தது, கல்லைத் தொடவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுக்கொருமுறை மூலையைச் சுரண்டி எடுத்துப் புதுப்பூச்சு இட்டால் போதும். கல்லுக்காகப் பூச்சு தன்னைக் கொடுத்தது. மயிரிழை விரிசல்களோ தாமே ஆறின. மழைநீர் சுண்ணாம்பைச் சிறிது கரைத்து விரிசலுக்குள் கொண்டுபோய் வைக்க, அது அங்கே காற்றுப்பட்டு இறுகி அடைத்துவிடும். கிறித்தவர் மாதா திருவிழாவுக்கும் கிறித்துமசுக்கும், இந்துக்கள் பொங்கலுக்கும் அடித்த வெள்ளை, அழகுக்கு மட்டும் அடித்ததன்று. ஆண்டுதோறும் விரிசலுக்கு ஊட்டிய மருந்து அது.

சிமெண்டு வந்தபின் இக்கணக்கு தலைகீழாயிற்று. போர்ட்லாந்து சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதைச் செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில், கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு நடந்தது. அது நிலைக்கவில்லை. சிப்பி நமக்குச் சுண்ணாம்பாகவே இருந்துவிட்டது. 1946இல் தொடங்கப்பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949இல் தாழையூத்தில் உற்பத்தியைத் தொடங்கியபின், தூத்துக்குடியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவிலேயே சிமெண்டு மூட்டை கிடைக்கலாயிற்று. அரைக்க வேண்டா, புளிக்கவைக்க வேண்டா, ஓராண்டு காத்திருக்கவும் வேண்டா. காலையில் குழைத்துப் பூசினால் மறுநாள் கல்லாக நிற்கும். கூலி உயர்ந்துவந்த காலத்தில் இதை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் மனம் வராது. காளவாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

புதுவீட்டுக்குச் சிமெண்டு வந்ததில் குறையில்லை. பழைய வீட்டு மூலைக்கு அது வந்ததுதான் கேடு. "அண்ணாச்சி, சுண்ணாம்பு எல்லாம் இந்தக் காலத்துல நிக்காது, சிமெண்டைப் போட்டு இறுக்கிருவோம்" என்று கொத்தனார் சொல்வதும், வீட்டுக்காரர் தலையசைப்பதும் இவ்வூரில் எத்தனையோ முறை நடந்த உரையாடல். சிமெண்டுப் பூச்சு சுவரைவிடக் கடினமானது. ஈரத்தை வெளியே விடாதது. தரையிலிருந்து ஏறிய நீர் வழியின்றிப் பூச்சுக்குப் பின்னாலேயே நின்று, அல்லது பூச்சு முடியும் இடம்வரை மேலேறி, அங்கே உப்பைக் கக்கும். படிகங்கள் இப்போது பூச்சுக்கும் கல்லுக்கும் இடையில் வளர்கின்றன. தட்டினால் பொந்து ஓசை கேட்கும். சில ஆண்டுகளில் அந்தக் கடினமான ஓடு முழுதாகக் கழன்று விழும்போது முருகைக்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. அடுத்த முறை இன்னும் கனமாகச் சிமெண்டு. அதற்கடுத்த முறை கல்லில் பாதி இல்லை. இப்படி மூன்று முறை செப்பனிடப்பட்ட மூலை, ஒருமுறையும் தொடப்படாத மூலையைவிட மோசமான நிலையில் இருப்பதைப் பழந்தெருக்களில் நடந்துபோகிறவர் எவரும் கண்டறியலாம். பூச்சு சுவரைவிட வலியதாக இருத்தல் கூடாது என்னும் ஒரே விதியை மறந்ததன் விளைவு இது.

கம்பி கட்டிய கான்கிரீட் வீடுகளின் மூலையிலும் விரிசல் உண்டு. அதன் காரணம் வேறு. உப்பு உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடம் கொள்வதால் தூணின் மூலை நெடுக்காகப் பிளக்கிறது. அங்கே விரிசலை மட்டும் பூசி மறைப்பவர் நோயை மூடிவைக்கிறவர் ஆவார். பூச்சை உடைத்துத் துருவைச் சுரண்டித்தான் ஆகவேண்டும். அதற்குமேல் இங்கு விரிக்கத் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் மூன்றாவதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்துள்ளது. அது ஜிப்சம் பலகை. காகிதத் தாள்களுக்கிடையே ஜிப்சம் வைத்துச் செய்த பலகைக்கு அமெரிக்கராகிய அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்றார். மேலைநாடுகளில் மரச்சட்டத்தின்மேல் இதை அறைந்தே அறைகளை அமைக்கின்றனர். பலகைகள் கூடும் மூலையில் விரிசல் விழுவதும், அதை நாடா ஒட்டியும் உலோக முனைப்பட்டை வைத்தும் மூடுவதும் அங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை. நம்மூரில் அது பெரும்பாலும் பொய்க்கூரையாகவே தொங்குகிறது. இதில் வியப்பு என்னவென்றால், ஜிப்சமும் இக்கரைக்கு அயலானதன்று. உப்பளப் பாத்தியில் கடல்நீர் சுண்டிவரும்போது உப்புக்கு முன்னதாகப் படிவது ஜிப்சமே. உப்பு விளைச்சலில் தமிழகத்துக்குத் தலைமை தாங்கும் தூத்துக்குடியின் அளக்காரர்களுக்கு அது காலுக்கடியில் கிடக்கும் பொருள். ஆனால் ஜிப்சம் நீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவுக்குக் கரையக்கூடியது. ஈரம் ஏறும் கடற்கரைச் சுவரின் மூலையில் அதை வைத்து அடைப்பது கற்கண்டால் பல் கட்டுவது போன்றது. வண்ணம் பூசுவோர் பழஞ்சுவரின் வெடிப்பில் பிளாஸ்டர் ஆப் பாரிசைத் திணித்துவிட்டுப் போவதை ஊக்குவித்தல் ஆகாது. உலோக முனைப்பட்டையும் இக்காற்றில் துருவேறி, காப்பாற்ற வந்த மூலையைத் தானே பிளக்கும்.

அப்படியாயின் பழையபடி முருகைக்கல்லையும் அதன் சுண்ணாம்பையும் கொண்டுவருவோம் என்று எளிதில் சொல்லிவிடலாமா? முடியாது. முடியவும் கூடாது. நமது வீடுகளின் மூலைக்குக் கடல் கொடுத்த விலையை இங்கே கணக்கிட்டாக வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தவை வான் தீவு, காசுவார் தீவு, விலங்குச்சல்லி, கரியச்சல்லி என நான்கு. சல்லி என்பது தமிழில் உடைந்த சிறுகல்லுக்குப் பெயர். தீவின் பெயரை உச்சரிக்கும்போதே அதன் உடம்பு எதனாலானது என்று காதில் விழுகிறது. இத்தீவுகளைச் சுற்றிய பாறைகளை நூறாண்டுக்கும் மேலாகத் தோணிதோணியாக வெட்டி எடுத்தனர். வீட்டுக்கு மட்டும் எடுத்திருந்தால் ஒருவேளை கடல் ஈடுகட்டியிருக்கும். பிற்காலத்தில் கால்சியம் கார்பைடு முதலிய தொழில்களுக்கும் அக்கல் போயிற்று. 1970களிலேயே கடலுயிரியலார் எச்சரித்தனர். பாறை அலையின் வேகத்தை உடைக்கும் அரண். அரண் போனால் தீவின் மணல் நிற்காது. விலங்குச்சல்லி இன்று நீருக்குக் கீழே இருக்கிறது. கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டியும் அவ்வாறே மூழ்கியது. 1960களின் இறுதியில் சுமார் இருபது ஹெக்டேர் பரந்திருந்த கரியச்சல்லியில் இப்போது எஞ்சியது சில ஹெக்டேரே. 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பெற்றன. 2001இல் பவள உயிர்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியைக் காக்கும் அதே அட்டவணை அது. வான் தீவைக் காப்பதற்காகக் கடந்த பத்தாண்டுக் காலத்தில் அதன் கடற்பக்கம் ஆயிரக்கணக்கான கான்கிரீட் அமைப்புகளைச் செயற்கைப் பாறைகளாகக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பவளத்தை எடுத்து வீடு கட்டினோம், கான்கிரீட்டை இறக்கித் தீவைத் தாங்குகிறோம். பரிமாற்றம் நமக்கு நன்றாகத்தான் தெரியும். கணக்கு மட்டும் நேர்ப்படவில்லை.

இங்கேதான் பழைய வீட்டுச் சுவருக்குப் புதிய மதிப்பு உண்டாகிறது. இனி ஒருபோதும் வெட்டக்கூடாத கல் அதில் இருக்கிறது. அதன் மூலை உதிர்ந்தது என்பதற்காக வீட்டை இடித்துக் கல்லைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவோர், மூழ்கிய தீவை இரண்டாம் முறை மூழ்கடிக்கின்றனர் என்றே சொல்வேன். ஒரு வீடு இடிந்தே தீரவேண்டுமாயின், அதன் கற்கள் அடுத்த வீட்டு மூலைக்குச் செல்லட்டும். தனுஷ்கோடிக்குச் செல்வோர் 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன்னின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பூச்சு முழுதும் நீங்கி முருகைக்கல் வெளிப்பட்டு நிற்கும் அச்சுவர், நம்வீட்டுப் பூச்சுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புரட்டிக் காட்டும் ஏடு.

கல்லுக்கு மாற்றில்லை, சுண்ணாம்புக்கு உண்டு. நிலத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதோ, இறந்த சிப்பிகளைச் சேர்த்துச் சுட்டதோ போதுமானது. உயிருள்ள பாறையைத் தொடவேண்டிய தேவை எதுவுமில்லை. பழைய மூட்டையில் கிடந்து காற்றுப்பட்ட தூள் ஏற்கெனவே பாதி கல்லாகிவிட்டது. ஒட்டும் ஆற்றலை அது இழந்திருக்கும். நீர் தெளித்தால் சீறிக் கொதிக்கும் சுட்ட கல்லையே வாங்கி நீற்றவேண்டும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு இல்லாமல் அதைச் செய்யலாகாது. மணலுக்கும் இன்று முட்டுப்பாடு உண்டு. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தடை விதித்தது. ஆற்றை எண்ணினால் அது வேண்டிய தடையே. கல்லை நொறுக்கிய மணலைக் கழுவிச் சலித்துப் பயன்படுத்தலாம். ஒருபோதும் ஆகாதது கடற்கரை மணல். உப்பை விரட்ட உப்பையே பூசும் மடமை அது.

இனி மூலையைச் செப்பனிடும் முறை. முதல் வேலை பூசுவதன்று, எடுப்பது. பழைய சிமெண்டை ஓங்கி அடித்து உடைத்தால் கல் சிதறும். ஓரத்தில் சிற்றுளியை வைத்து மெல்ல நெம்பி, பொந்தாகிய இடத்திலிருந்து தொடங்கவேண்டும். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சை ஒரு கையளவுகூட வீணாக எடுக்கலாகாது. பிறகு நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். குளியலறைக் குழாயா, கூரைத் தூம்பா, தெரு உயர்ந்து வீடு தாழ்ந்துபோனதா? தார்ச்சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதால் மூலை நனையும் வீடுகள் இவ்வூரில் பல. அதைச் சீர்செய்யாமல் எந்தப் பூச்சும் வீண்.

அடுத்தது காத்திருத்தல். மூலையைத் திறந்தே விட்டுவிட வேண்டும். மாசியில் திறந்தால் ஆனிவரை வெயிலும் காற்றும் சுவரை உலர்த்தும். அப்போது வெண்பஞ்சுபோல் உப்புப் பூக்கும். அதை நீர்விட்டுக் கழுவலாகாது, கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் துடைத்து, விழுந்ததை வாரி அப்பால் கொட்டவேண்டும். மீண்டும் பூக்கும், மீண்டும் துடைக்கவேண்டும். உப்பு மிகுந்திருந்தால் மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த மெலிந்த பூச்சொன்றைத் தற்காலிகமாக இட்டு, அது உப்பை உறிஞ்சியபின் சுரண்டி எறிவர். பலிகொடுக்கவே பூசும் பூச்சு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை கொட்டி, தூத்துக்குடி தெருக்களில் நாள்கணக்காக வெள்ளம் நின்றது. அப்போது நனைந்த சுவர்களை ஓரிரு மாதத்திலேயே சிமெண்டால் மூடியவர்கள் உலராத நீரை உள்ளே வைத்துப் பூட்டினர். வீட்டுக்குள் பொருக்குவிட்ட மூலையோடு ஆறு மாதம் வாழ்வது கடினமே. விருந்தினர் வருவர், ஏளனம் பேசுவர். ஆனால் சுவருக்கு அந்த ஆறு மாதம் வேண்டும்.

சுவர் உலர்ந்தபின் அரித்துப்போன கல்லின் குழிகளில் உடைந்த ஓடும் செங்கல் துண்டும் பதித்துச் சாந்தால் நிரப்பவேண்டும். குழியை வெறுஞ்சாந்தால் ஒரே மூச்சில் அடைத்தால் அது காயும்போது சுருங்கி வெடிக்கும். பழைய பூச்சின் ஓரத்தை உள்நோக்கிச் சரித்து வெட்டி, புதுப்பூச்சு அதற்குள் கவ்விக்கொள்ளுமாறு செய்யவேண்டும். பூசுமுன் சுவரை நனைப்பதும் முதன்மையானது. வறண்ட முருகைக்கல் சாந்தின் நீரை ஒரு நொடியில் குடித்துவிடும். விரற்கடைக்கு மிகாமல் ஒரு பூச்சு, செங்கற்பொடி கலந்தது. அது இறுகியபின் மற்றொன்று. மூலைமட்டம் வைத்துப் பார்த்து, பழைய சுவர் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே சாய்த்து எடுக்கவேண்டும். இருநூறு ஆண்டுச் சுவரில் புது நேர்கோடு ஒன்று நின்றால் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தபின் முனையைக் கட்டைவிரலால் மழுக்கிவிடவேண்டும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் பத்துநாளாவது காக்கவேண்டும். வேகமாகக் காய்ந்த சுண்ணாம்பு, கல்லாகுமுன் பொடியாகிவிடும். சுண்ணாம்பு நிற்காது என்று கொத்தனார்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பத்துநாள்தான்.

இவ்வேலை அறிந்த கைகள் செட்டிநாட்டிலும் கோயில் திருப்பணிகளிலும் இருக்கின்றன. நம்மூரில் அருகிவிட்டன. சிமெண்டு மூட்டையைச் சுமக்கும் இளைஞருக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பழைய வீட்டு மூலையும் ஒரு கோடைக்காலமும் போதும். செலவைப் பொறுத்தவரை பொருளின் விலை மிகுதியன்று, நாள்கூலியே மிகுதி.

மேலே வண்ணம் அடிப்பதிலும் கருத்து வேண்டும். கடையில் விற்கும் நெகிழிக் குழம்பு வண்ணத்தை மூன்று கைகளாக அடித்தால் சுண்ணாம்புப் பூச்சின் மூச்சு நின்றுபோகும். பட்ட பாடெல்லாம் வீணாகி, ஓராண்டில் கொப்புளமாக எழும். நீற்றிய சுண்ணாம்பைத் தெளிய வடிகட்டி, பால்போல் நீர்க்கக் கரைத்து, ஈரச்சுவரில் மெல்ல நான்கைந்து முறை அடிப்பதே பொருந்தும். முதற்கை அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. காயக்காயத்தான் வெண்மை ஏறும்.